ஓடிடி, ஐபிடிவி, டெலிகிராம் படம்: பார்க்கிறவர் மேல் கேஸ் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மஞ்சப்பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பையிலிருந்து பத்திரம் வரும் என்று பார்த்தால், உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. "மருமகன் வாங்கிக் குடுத்தது தம்பி. ஒன்பதாயிரம் சேனல் வருதாம். இதை வீட்டுல வச்சிருந்தா கேஸ் வருமா?"

அவருக்குச் சொன்ன பதிலும், கல்யாண வீட்டிலும் கோர்ட் கேன்டீனிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்கப்பட்ட மற்ற கேள்விகளும் கீழே இருக்கின்றன. பதில்கள் இந்தியச் சட்டத்தை வைத்து எழுதியவை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. உங்கள் மேல் நிஜமாகவே வழக்கு இருந்தால் இதை மூடிவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

திருட்டுத் தளத்தில் படம் பார்த்தால் ஜெயிலா?

பார்த்ததற்காக மட்டும் ஜெயில் இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 2016 வாக்கில் முடக்கப்பட்ட தளம் ஒன்றைத் திறந்தால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இங்கே இருப்பதைப் பார்ப்பது, இறக்குவது, நகலெடுப்பது எல்லாமே மூன்றாண்டு சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம் என்று அதில் இருக்கும். அந்த ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் அந்த வாசகத்தையே கேள்வி கேட்டார். பார்ப்பது குற்றமல்ல, அனுமதி இல்லாமல் விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதும்தான் குற்றம் என்று சொல்லி, வாசகத்தை மாற்றச் சொன்னார்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, படத்தின் உரிமையாளருக்கு மட்டும் உரிய காரியங்களைச் சொல்கிறது: நகல் எடுப்பது, விற்பது, வாடகைக்கு விடுவது, பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பது. 'பார்ப்பது' அந்தப் பட்டியலில் இல்லை. தண்டனை சொல்லும் 63-வது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுகிறவரையும் அதற்கு உடந்தையாக இருப்பவரையும்தான் பிடிக்கிறது. (பத்திரிகைகளில் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேடன்ட். படத்துக்கும் பாட்டுக்கும் உள்ளது பதிப்புரிமை.)

ஸ்ட்ரீமிங் ஆகும்போது படம் துண்டு துண்டாக நம் போனில் தங்கி அழிகிறதே, அது நகல் இல்லையா என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. 2012 திருத்தத்தில் 52-வது பிரிவுக்குள் வந்த விலக்கு ஒன்று, தொழில்நுட்ப ஓட்டத்தில் தற்செயலாகவும் தற்காலிகமாகவும் தங்கும் பிரதி உரிமை மீறல் ஆகாது என்கிறது. அதே திருத்தத்தில், லிங்க் கொடுப்பதற்காகத் தற்காலிகமாகத் தங்கும் பிரதிக்கு வந்த இன்னொரு விலக்கு, அது திருட்டுப் பிரதி என்று தெரிந்திருந்தால் செல்லாது. 'தெரிந்தே' என்ற சொல் இந்தச் சட்டத்தில் எல்லா இடத்திலும் காத்துக்கொண்டிருக்கும். அதனால் 'பார்த்தால் ஒன்றும் ஆகாது' என்பதை 'பார்ப்பது சட்டப்படி சரி' என்று படிக்காதீர்கள். வீட்டில் படம் பார்த்தவரைத் தேடிப் போலீஸ் வந்த கேஸ் எதுவும் என் கைக்கு வந்ததில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டவுன்லோட் செய்தால்?

இங்கே நிலைமை மாறுகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தை எந்த ஊடகத்திலும் சேமித்து வைப்பதே நகல் எடுப்பதில் சேரும். ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், போன் எல்லாம் இதில் அடங்கும். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கையாளலாம் என்று 52-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. முழுப்படத்தையும் திருட்டுத் தளத்திலிருந்து இறக்கிவிட்டு அந்த விலக்கைக் காட்டினால் நீதிபதி முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

63-வது பிரிவின் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன் உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. இன்று யாராவது "இதெல்லாம் சில்லறை கேஸ்" என்றால் அவர் பழைய தீர்ப்பைப் படித்திருக்கிறார்.

டோரண்டும் டவுன்லோட்தானே, அதில் என்ன தனியாக?

டோரண்ட் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே பாருங்கள். இறங்கும் வேகம் ஒரு அம்புக்குறியோடு ஓடும். அதற்குப் பக்கத்திலேயே மேல்நோக்கிய இன்னொரு அம்புக்குறியும் இன்னொரு எண்ணும் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அது உங்கள் கணினியிலிருந்து மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் படத்தின் கணக்கு. படம் பாதி இறங்கும்போதே, இறங்கிய பாதியை நீங்கள் ஊருக்கு விநியோகிக்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி, அதே படத்தை டோரண்டில் பகிரும் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். படக் கம்பெனி வைத்திருக்கும் ஆள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் அவருக்கும் தெரியும்.

பார்த்தவர் பரப்பியவராக மாறும் இடம் இது. பத்தில் எட்டுக் கேள்விக்கு நான் இந்த ஒரு கோட்டைக் காட்டித்தான் பதில் சொல்கிறேன். தம்பி, நீ பார்த்தாயா, பரப்பினாயா?

டெலிகிராமில் வந்த படத்தைக் குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு செய்தேன். அதுவுமா?

மேலே சொன்ன கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அத்தை, மாமா, சித்தப்பா பிள்ளைகள் என்று 40 பேர் இருக்கும் குரூப் சட்டத்தின் கண்ணில் 'பொதுமக்கள்' ஆகுமா என்று வாதாடலாம். 4,000 பேர் இருக்கும் 'புதுப்பட' சேனலுக்கு அந்த வாதம் கிடையாது.

"டெலிகிராம்ல யார் சார் கண்டுபிடிப்பாங்க?" என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022-ல் பதில் சொன்னது. பாடப் புத்தகங்களும் வீடியோக்களும் சேனல்களில் திருட்டாகப் பகிரப்பட்டதாக ஓர் ஆசிரியை வழக்குப் போட்டார். எங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்றது டெலிகிராம். அது எடுபடவில்லை. சேனல் நடத்தியவர்களின் பெயர், போன் நம்பர், ஐபி முகவரி எல்லாம் சீலிட்ட உறையில் நீதிமன்றத்துக்கு வந்தன.

ஐபிடிவி என்றாலே திருட்டா?

இல்லை. ஐபிடிவி என்பது இணைய நெறிமுறை வழியாக வரும் டிவி, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட் கம்பியிலேயே சேனல்களையும் அனுப்பும் முறை. இதற்கு மத்திய அரசு 2008-லேயே வழிகாட்டு விதிகள் போட்டுவிட்டது. பிஎஸ்என்எல் 2024-ல் தன் ஃபைபர் இணைப்பில் டிவி சேவையைக் கொண்டுவந்தது. முதலில் கொடுத்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஏர்டெல்லும் 2025-ல் ஐபிடிவி தொடங்கியது. இவை முழுக்கச் சட்டப்படியானவை.

தெருவில் 'ஐபிடிவி' என்று விற்கப்படுவது வேறு. எங்கோ ஒருவர் பத்து செட்டாப் பாக்ஸ் வைத்து, அதிலிருந்து வரும் படத்தைப் பிடித்துத் தன் சர்வரில் ஏற்றி, ஆயிரம் பேருக்கு விற்பது. நல்ல பெயரைக் கெட்ட சரக்கு எடுத்துக்கொண்டது.

"வருஷம் 1,500 ரூபாய், எல்லா ஓடிடியும், எல்லா சேனலும்" என்று மெசேஜ் வருகிறது. வாங்கலாமா?

தலைமையாசிரியரின் பெட்டியை அலுவலக டிவியில் மாட்டிப் பார்த்தோம். ஆப் திறந்ததும் நாடுகளின் பட்டியல், அதற்குள் மொழிகள், அதற்குள் சேனல்கள். ஒரே தமிழ்ச் சேனல் மூன்று முறை இருந்தது. ஒன்றின் பெயருக்குப் பக்கத்தில் 'எச்டி', அடுத்ததில் 'எஃப்எச்டி', மூன்றாவதில் 'பேக்கப்'. உரிமம் வாங்கிய சேவையில் பேக்கப் எதற்கு? ஒன்றை முடக்கினால் அடுத்தது ஓட வேண்டும் என்பதற்குத்தான். மருமகன் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். பணம் யுபிஐயில் ஒரு தனிமனிதர் பேருக்குப் போயிருந்தது. கம்பெனி பெயர் இல்லை, பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. விற்றவரின் நம்பருக்குப் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

விலை குறைவு என்பதாலேயே திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓடிடிப்ளே, டாடா ப்ளே பிஞ்ச் மாதிரி பல ஓடிடிகளைச் சேர்த்து ஒரே சந்தாவில் தரும் நியாயமான சேவைகள் இருக்கின்றன. பிராட்பேண்ட் கம்பெனிகளும் பிளானோடு சேர்த்துத் தருகின்றன. வித்தியாசம் இதுதான்: பிளே ஸ்டோரிலோ டிவியின் சொந்த ஆப் கடையிலோ இருக்கும், நடத்தும் கம்பெனியின் பெயர் தெரியும், பில் வரும். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆப் கடை இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றும் கோப்பு) அனுப்பி, 'அன்னோன் சோர்ஸை ஆன் பண்ணுங்க' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால், அது டிவி காட்டுவதற்காக வந்த ஆப் இல்லை. ஓடிபி எடுக்க வந்தது.

வாங்கியவர் மேல் குற்ற வழக்கு வருமா? விற்பவர்தான் முதல் குறி. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது, தற்செயலாக லிங்கைத் திறந்தவர் சொல்வதைவிடக் கொஞ்சம் கஷ்டம். நான்கு பேருக்கு வாங்கிக் கொடுத்து ஆளுக்கு 200 ரூபாய் கமிஷன் எடுத்தவர் வாடிக்கையாளரே இல்லை, முகவர்.

அப்படியென்றால் பெட்டியே சட்டவிரோதமா?

பெட்டி வெறும் ஆண்டிராய்டு கணினி. சென்னை ரிச்சி தெருவில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கலாம், வைத்திருக்கலாம், யூடியூப் பார்க்கலாம். பிரச்சினை அதற்குள் ஏற்றியிருக்கும் ஆப்பில். ஆப்பை ஏற்றியே விற்கும் கடைக்காரருக்குத்தான் வம்பு அதிகம். தலைமையாசிரியரின் பெட்டியிலிருந்து அந்த ஆப்பை அழித்து, முழுக்க ரீசெட் செய்து கொடுத்தனுப்பினேன். இப்போது அதில் பக்திப் பாடல் கேட்கிறாராம்.

கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? நுகர்வோர் கோர்ட் போகலாமா?

திருட்டுச் சேவைக்குக் கட்டிய பணத்தைக் கேட்டு நுகர்வோர் ஆணையம் போனால், முதல் கேள்வியே 'யாரிடம் வாங்கினீர்கள்?' என்றுதான் வரும். பெயரும் முகவரியும் இல்லாத எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் எப்படி அனுப்புவது? இது ஏமாற்று என்றால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த அப்போதுதான் வாய்ப்பு.

உரிமம் உள்ள ஓடிடியோடு தகராறு என்றால் கதை வேறு. நிறுத்தச் சொன்ன சந்தாவுக்குப் பணம் பிடித்தது, நிறுத்தும் பட்டனையே கண்ணில் காட்டாமல் வைத்தது போன்றவற்றுக்கு 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் வைக்கும் 'சந்தாப் பொறி', 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில் நியாயமற்ற வணிகத் தந்திரங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் அழிப்பது நம் பழக்கம்.

அண்ணன் வீட்டு பாஸ்வேர்டில் நான் பார்க்கலாமா?

அண்ணன் கொடுத்திருந்தால் அது போலீஸ் விஷயம் அல்ல, ஓடிடி கம்பெனியின் விதி சம்பந்தப்பட்ட விஷயம். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவிலும் 'ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு' என்று இறுக்கியது. விதியை மீறினால் கணக்கை நிறுத்துவார்கள், கூடுதல் பணம் கேட்பார்கள். அண்ணன் சென்னையிலும் நீங்கள் திருநெல்வேலியிலும் இருந்தால் டிவி ஒருநாள் சரிபார்ப்பு எண் கேட்கும். அண்ணி தூங்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்கும்.

ஆனால் 99 ரூபாய்க்கு 'ஒரு ஸ்கிரீன்' வாங்கும் வேலை ஆபத்தானது. அப்படி விற்கப்படும் லாகின்களில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடமிருந்து திருடப்பட்டவையும் உண்டு. பிறர் பாஸ்வேர்டை நேர்மையில்லாமல் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உள்ள குற்றம். அங்கே பதிப்புரிமைச் சட்டம் வேண்டியதே இல்லை.

விபிஎன் போட்டு அமெரிக்காவில் மட்டும் வரும் தொடரைப் பார்த்தால்?

நாம் வேறு நாட்டில் இருப்பதாக இணையத்தில் காட்டும் விபிஎன் சேவையை வைத்திருப்பதற்கு இந்தியாவில் தடை இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி விபிஎன் நடத்துபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் சில கம்பெனிகள் தங்கள் சர்வரை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போயின. பணம் கட்டிய கணக்கில் நாட்டை மாற்றிக் காட்டிப் பார்ப்பது சந்தா விதிமீறல். கம்பெனி உங்களை வெளியேற்றலாம். படைப்பைப் பாதுகாக்கும் டிஜிட்டல் பூட்டை உடைக்கும் வேலைக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு இருக்கிறது, இரண்டாண்டு வரை சிறை. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விபிஎன் போட்டுத் திருட்டுத் தளத்துக்குப் போனால் அந்தத் தளம் நல்ல தளம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் டீக்கடையில் ஐபிஎல் போடுகிறேன். சொந்த சந்தாதான், காசு கட்டித்தான் பார்க்கிறேன்.

சந்தா வாங்கியதால் தப்பு இல்லை என்று நினைத்து மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஓடிடி சந்தா என்பது சொந்த உபயோகத்துக்கு, வியாபாரத்துக்கு இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கும். கடையில் போட்டால் முதலில் அந்த ஒப்பந்தம் உடைகிறது. அடுத்து சட்டம் வருகிறது: படைப்பைப் பொதுமக்கள் பார்க்கும்படி செய்வது உரிமையாளரின் தனி உரிமை. ஹோட்டல், விடுதி அறைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதுகூடப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதாகவே கருதப்படும் என்று சட்டத்தின் விளக்கவுரை பெயர் சொல்லியே சொல்கிறது. லாட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்த வரியைப் படிப்பது நல்லது. ஒரே லாகினை இருபது அறைக்கு ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெரு முனையில் ஆறு பெஞ்சும் ஒரு டிவியும் இருக்கும் கடையைத் தேடி உரிமம் வைத்திருக்கும் கம்பெனி வருமா? வராமல் இருக்கலாம். பெரிய திரை கட்டி, 'பிரியாணியோடு பைனல்' என்று டோக்கன் போடும் ரெஸ்டாரன்ட்டுக்கு நோட்டீஸ் வரும். ஆம்னி பஸ்ஸில் போன வெள்ளிக்கிழமை வந்த படத்தைப் போடுவதும் இதே வகைதான், அதைவிட மோசம். அங்கே பிரதியே திருட்டு. சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் 2023-ல் வந்த திருத்தம், திருட்டுப் பிரதியை லாபத்துக்காகப் பொதுவில் காட்டுவதற்கும், தியேட்டரில் பதிவு செய்வதற்கும் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை என்கிறது. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கி, படத்தின் ஆடிட் செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். நூறு கோடி படம் என்றால் அந்த 5 சதவீதம் எவ்வளவு என்று பஸ் முதலாளி கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்த பயணிக்கு ஒன்றும் இல்லை.

கோர்ட் முடக்கிய தளத்துக்கு வேறு வழியில் போனால் கோர்ட் அவமதிப்பா?

அந்த உத்தரவு இணைய சேவை கம்பெனிகளுக்கும் தளம் நடத்துபவர்களுக்கும் போடப்படுவது, உங்களுக்கு அல்ல.

இந்த உத்தரவுகளுக்குச் சென்னையில் நீண்ட கதை இருக்கிறது. 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகள் மேல், 'ஜான் டோ' என்பார்கள், தடை உத்தரவு வாங்கினார்கள். மே மாதம் இணைய கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன் எல்லாவற்றையும் முழுசாக மூடிவிட்டன. குறும்பட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் படத்தையே பார்க்க முடியாமல் போனார்கள். ஜூன் மாதம் நீதிமன்றமே, முழுத் தளத்தையும் அல்ல, குறிப்பிட்ட லிங்குகளை மட்டும் முடக்க வேண்டும் என்று தெளிவாக்கியது. 2018-ல் '2.0' வந்தபோது அதே நீதிமன்றம் ஒரே உத்தரவில் 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொன்னது. முடக்க முடக்கப் புதுப் பெயரில் முளைப்பதால், முளைக்கும் நகல் தளங்களையும் அதே உத்தரவில் சேர்த்துக்கொண்டே போகும் முறையை 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கொண்டுவந்தது. ஆனாலும் தமிழில் புதுப்பட லிங்க் தேடுகிறவருக்கு அது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. முடக்குவது தண்ணீரில் கோடு போடுவது மாதிரி என்பது என் கட்சி. தயாரிப்பாளர் கவுன்சிலில் இருக்கும் நண்பர்களுக்கு இதில் என் மேல் வருத்தம்.

யூடியூபில் முழுப்படம் இருக்கிறதே, அது?

பட நிறுவனமோ உரிமை வாங்கிய மியூசிக், வீடியோ கம்பெனியோ ஏற்றியிருந்தால் தாராளமாகப் பாருங்கள். ஓரத்தில் பிரேம் போட்டு, குரலைக் கொஞ்சம் கீச்சென்று மாற்றி ஏற்றியிருந்தால் அது யூடியூபின் தேடல் எந்திரத்துக்குப் பயந்து செய்த வேலை. பார்ப்பதைப் பொறுத்தவரை முதல் கேள்வியின் பதிலே இதற்கும்.

ஆபாசம் என்று அரசு தடை செய்த ஆப்களில் பார்த்தால்?

2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 18 ஓடிடி தளங்களை முடக்கியது. அது அவற்றை நடத்தியவர்கள் மேல் எடுத்த நடவடிக்கை. பெரியவர்கள் தனியாகப் பார்த்ததைக் குற்றமாக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் வாதத்துக்கே இடமில்லை. குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் காட்சிகளைத் தேடுவதும் இறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் நேரடியாகக் குற்றம். போனில் வைத்திருந்து பார்த்ததற்கு மட்டும் குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பார்ப்பவரைப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் நினைத்தால் அதை எழுதத் தெரியும்.

லண்டனில் இருக்கும் தங்கை வீட்டில் தமிழ்ச் சேனல் பெட்டி இருக்கிறது. அங்கே எப்படி?

அங்கே இங்கே மாதிரி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில், திருட்டு லிங்குகள் ஏற்றிய பெட்டியை விற்பது உரிமை மீறல் என்றது. அத்தோடு நிற்காமல், அந்தப் பெட்டியில் தெரிந்தே பார்ப்பவருக்கு 'தற்காலிகப் பிரதி' விலக்கும் கிடையாது என்றது. நம் ஊரில் பார்ப்பவருக்கு இருக்கும் அந்த இடைவெளி அங்கே இல்லை.

இத்தாலி இன்னும் ஒரு படி மேலே. 2023-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி வீட்டில் பார்க்கிறவருக்கே அபராதம் உண்டு. 2025 மே மாதம் 2,000-க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்கு 154 யூரோ முதல் அபராதச் சீட்டுப் போனது. திரும்பவும் மாட்டினால் 5,000 யூரோ வரை. கால்பந்துக்காகப் போட்ட சட்டம்தான், ஆனால் பலெர்மோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் சீரியல் ஓடினாலும் சட்டம் அதே சட்டம். விற்றவர் பிடிபட்டபோது அவருடைய வாடிக்கையாளர் கணக்கு மொத்தமாகக் கிடைத்தது. அபராதம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போனது. 'பெரிய ஆளைத்தான் பிடிப்பார்கள்' என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெரிய ஆளின் டைரியில் சின்ன ஆட்களின் பெயர் இருக்கும்.

பிரிட்டன் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் கட்டணத்தைத் தவிர்க்கும் எண்ணத்தோடு, அந்நாட்டிலிருந்து ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை நேர்மையில்லாமல் பெறுவது அவர்களின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தில் குற்றம். விற்பவர்களுக்குத் தண்டனை கடுமை: 2023 மே மாதம் 'ஃபிளாலெஸ்' என்ற திருட்டு ஐபிடிவியை நடத்திய ஐந்து பேருக்குச் சேர்த்து 30 ஆண்டுகளுக்கு மேல் சிறை கிடைத்தது.

தங்கைக்குத் தெரியாத இன்னொன்று இருக்கும். எந்தச் சேனலையும் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்க்க அங்கே டிவி லைசென்ஸ் வேண்டும். இணையத்தில் பார்த்தாலும், அது வெளிநாட்டுச் சேனலாக இருந்தாலும் அப்படித்தான். உரிமம் வாங்கிய நல்ல ஆப்பில் தமிழ்ச் சேனலை லைவாகப் பார்த்தாலும் லைசென்ஸ் தனி. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. லைவ் இல்லாமல், ஓடிடியில் பழைய எபிசோட் மட்டும் பார்க்கிறார் என்றால், பிபிசி ஐபிளேயரைத் தொடாதவரை லைசென்ஸ் தேவையில்லை.

காசில்லாமல் சட்டப்படி பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்ச் செய்திச் சேனல்களில் பலவும் தங்கள் நேரலையை யூடியூபில் தாங்களே விடுகிறார்கள். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடியைத் தொடங்கியது. பழைய தமிழ்ப் படங்கள் உரிமையாளர்களின் யூடியூப் பக்கங்களிலேயே கிடக்கின்றன. புதுப்படம் முதல் நாளே இலவசமாக வேண்டும் என்றால் எனக்கு வழி தெரியாது.

"நீங்கள் திருட்டுப் படம் பார்த்தீர்கள், 29,000 ரூபாய் அபராதம் கட்டுங்கள்" என்று திரையில் போலீஸ் சின்னத்தோடு வந்தது. கட்ட வேண்டுமா?

கட்டாதீர்கள். இந்தத் திருட்டுத் தளங்களே அனுப்பும் போலித் திரை அது. பிரவுசர் முழுத்திரையில் உறைந்து நிற்கும், கீழே கடிகாரம் ஓடும், கார்டு எண் கேட்கும். வேறொன்றும் ஆகவில்லை, பிரவுசரை மூடினால் போய்விடும். மூட முடியவில்லை என்றால் கணினியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

63-வது பிரிவின் அபராதத்தை விதிப்பது நீதிமன்றம், விசாரணை முடிந்து தீர்ப்புச் சொன்ன பிறகு. எந்தப் போலீஸ்காரருக்கும் பிரவுசர் வழியாகவோ யுபிஐ வழியாகவோ அதை வசூலிக்க அதிகாரம் இல்லை. வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்றாலும் இதுதான் பதில். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பையன், அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று நண்பர்களிடம் கடன் வாங்கி இரண்டு தவணை கட்டியிருந்தான். மூன்றாவது தவணைக்கு என்னிடம் கடன் கேட்கத்தான் வந்தான். அங்கேயே உட்கார வைத்து 1930-க்குப் போன் போட்டோம்.